மிசின் சத்தத்தை நம்பிய வீடு

இன்று வேலையில் எங்கள் கருவி ஒன்று உறைந்து நின்றது. நிரல் உறைந்தால் கருவியை மீண்டும் இயக்க உள்ளே வாட்ச்டொக் என்ற காவல் பகுதி ஒன்று இருக்கிறது; நிரலிடமிருந்து ஒழுங்காக வரும் செய்தி நின்றால் அது கருவியை மீண்டும் தொடக்கும். அது அசையவே இல்லை.

நிரல் எழுதிய குகன் சொன்னான்: "அக்கா, 'உயிரோடை இருக்கிறன்' எண்டு அதுக்கு ஒழுங்காச் செய்தி போய்க்கொண்டுதான் இருந்தது."

"ஆர் அனுப்பினது? வேலை செய்யிற பகுதியோ?"

"இல்லை, டைமர். வேலை உறைஞ்சாலும் அது தன்ரை பாட்டுக்கு அனுப்பும்."

எனக்கு ஊர் நினைவு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உரும்பிராயில், வெங்காயத் தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் மிசினால் தண்ணீர் இறைப்போம். மிசின் சத்தம் கேட்டால் அப்பா பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிடுகிறார் என்று அம்மா நிம்மதியாகச் சமைப்பார். ஒரு நாள் தண்ணீர் அடுப்படி வாசலுக்கே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா வரம்பில் மயங்கிக் கிடந்தார். மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா தப்பிவிட்டார். அம்மா சொன்னார்: "இனி மிசினை நம்பமாட்டன். ஒவ்வொரு பாத்தி மாறேக்கையும் நீங்கள் குரல் குடுக்கவேணும். இல்லாட்டி நான் வருவன்."

குகனுக்கும் அதையே சொன்னேன். வேலை செய்யும் பகுதியே செய்தி அனுப்பும்படி மாற்றினான்.

மாலையில் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "நீ ஒன்லைனிலை நிக்கிறாய் எண்டு நாள் முழுக்கக் காட்டுது. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

குகனுக்கு விளக்கம் சொன்னவள் நான்தானே. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?