ஹோசியாவுக்குக் கொடுத்த கால்சட்டை

என் கூட்டாளி ஹோசியா மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்தவன். சிகாகோவுக்கு ரயிலேறிய அன்றே பருத்திக் காட்டில் போட்ட தோள்வார்க் கால்சட்டையை வீசியெறிந்தான். அதன்பின் பகலெல்லாம் இறைச்சி ஆலையில் உழைத்தாலும், இஸ்திரி போட்ட சூட்டில்தான் ட்ரம்ஸ் வாசித்து, பருத்திக் காட்டுக் கறுப்பர்களின் பாட்டான ப்ளூஸ் பாடுவான். ஒரு பத்திரிகைக்காரனும் எட்டிப் பார்த்ததில்லை.

அறுபது வயதில்தான் ஒரு இசை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அதை நடத்திய வெள்ளைக்காரன் புதுத் தோள்வார்க் கால்சட்டை ஒன்றை நீட்டினான்.

"சூட்டைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்குங்க. அப்பத்தான் அசல் ப்ளூஸ்காரர் மாதிரி இருப்பீங்க."

"உங்கப்பனுக்குப் போட்டு அழகு பாருடா!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இருடா" என்று ஹோசியா அதை வாங்கிக்கொண்டான். காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்முக்குள் சத்தம் அடங்கத் திணித்திருந்த போர்வையை உருவிப்போட்டு, கால்சட்டையைச் சுருட்டி அடைத்தான். சூட்டோடு உட்கார்ந்து, பாடி முடிக்கும்வரை மிதி மிதியென்று மிதித்தான்.