'இறப்பு' என்று எழுதக் கூடாத தளம்

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த சமயம். குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர்ச் செய்தி படிப்பதற்கென்று நாங்கள் சிலர் ஓர் இணையதளம் தொடங்கினோம். பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்திகளை ஏற்றுவது என் வேலை.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறிச்சொல் போட வேண்டும். அதை அழுத்தினால் அந்த வகைச் செய்தியெல்லாம் வரிசையாக வரும். இதற்குப் பெயர் வைக்க ஒரு கமிட்டி. கல்யாணம், காதுகுத்து, வேலை, மழை என்று நான் எழுதிப் போனதையெல்லாம் பேசாமல் கேட்டார்கள். 'இறப்பு' என்றதும் தலைவருக்கு வேர்த்துவிட்டது.

"காலங்காத்தால தொறந்ததும் இதுலயா முழிக்கிறது? அபசகுனமா இருக்கு தம்பி."

"பின்ன செத்தவங்க சேதிய எதுலங்க போடறது?"

"எல்லாத்துக்கும் சேத்து குடும்ப நிகழ்ச்சின்னு போட்டுடுங்க. நல்லது கெட்டது அத்தனையும் அதுல அடங்கிடும்ல."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே கமிட்டிக்கு வந்தவர்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லாத ஊர்தான் எங்களுடையது. ஆனால் கம்ப்யூட்டருக்கும் அந்த சாஸ்திரம் பார்த்த மேதைகளை நான் அங்கேதான் பார்த்தேன்.

திருமானூர்க்காரர் ஒருவருடைய அம்மா இறந்துபோனார். மகனுடைய பள்ளிக்கூடத்து நண்பர் குவைத்தில் இருந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்த அவருக்குப் படிக்கிற காலமெல்லாம் சோறு போட்டது இந்த அம்மாதான். மகன் அனுப்பிய கருமாதிச் செய்தியின் தலைப்பைத் தலைவரே திருத்தினார்: 'எங்கள் வீட்டு நிகழ்ச்சி, ஞாயிறு காலை, திருமானூர்.'

குவைத்தில் வேலைக்கு நடுவே தளத்தைத் திறந்த நண்பர், தலைப்பையும் குறிச்சொல்லையும் மட்டும் பார்த்திருக்கிறார். மேலேயும் கீழேயும் கல்யாணம், காதுகுத்து. திருமானூரில் அவர்கள் புதுவீடு கட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். கிரகப்பிரவேசம் என்று நினைத்துவிட்டார். தலைப்புக்குக் கீழேயே கருத்து எழுத இடம் இருந்தது.

"வாழ்த்துகள்டா! அம்மாகிட்ட என் பங்கு பாயசத்த எடுத்து வெக்கச் சொல்லு."

கருமாதி அன்றைக்கு உறவுக்காரர் ஒருவர் இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு குவைத்திலிருந்து வந்த எந்த போனையும் மகன் எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரையும் கேட்காமல் 'இறப்பு' என்று குறிச்சொல் வைத்து, செய்தியை அதற்கு மாற்றினேன். பழைய கருத்தை நீக்கினேன். அப்போதுதான் விஷயம் தெரிந்த நண்பர், அதே இடத்தில் எழுதினார்: "தெரியாம எழுதிட்டேன்டா. எனக்குந்தான்டா அவங்க அம்மா. ஒரு தடவ போன எடு."

தலைவர் கூப்பிட்டார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா இத எதுக்கு வெச்சீங்க?" என்றார். அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மகனே போன் செய்தார்.

"எங்கம்மா சேதிய மொத்தமா எடுத்துடுங்க."

"உங்க ஃப்ரெண்டு திரும்ப எழுதியிருக்காருங்க. ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

"அவன் எழுதுனவரைக்கும் போதுங்க," என்று வைத்துவிட்டார்.

அவருடைய அம்மாவின் செய்தி. எடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்? செய்தியை எடுத்தேன். கீழே நண்பர் எழுதியிருந்ததும், 'இறப்பு' என்ற குறிச்சொல்லும் அதோடு சேர்ந்து போயின.

மறுநாள் தலைவர் வந்து தளத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இப்பத்தான் தம்பி பாக்க லட்சணமா இருக்கு," என்றார்.