ஐஸ் வண்டிக்குப் பனிவண்டிச் சட்டை

எங்கள் அத்தை பனியைப் பார்த்ததே கிடையாது. மலேசியாவின் கூலாயில் பிறந்து, கூலாயிலேயே படித்து, செனாய்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தப் பேக்டரியில் செய்ததோ, எங்கோ குளிர் தேசத்தில் பனிமேல் ஓடுகிற வண்டிகளுக்கான மேல்மூடிகள். எஞ்சினை வேறு யாரோ செய்தார்கள். அதன்மேல் கவிழ்க்கும் முன்மூடியும் இரண்டு பக்கப் பலகைகளும் மட்டும் இங்கே வார்க்கப்பட்டன. வார்த்து வந்தவற்றை ஒரு மாதிரி வண்டியில் மாட்டிப் பார்த்து, பொருந்துகிறதா இல்லையா என்று சொல்வது அத்தையின் வேலை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதை அம்மா பாதிதான் நம்பினார். வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டே, "நம்ம ஊருல பனிக்கு மோட்டார் செய்றாங்களாம். நல்லா சொல்ற போ" என்பார். அத்தை சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்க வேண்டும். அதையெல்லாம் கவனிக்கிற வயது எனக்கில்லை.

பேக்டரியில் குடும்பங்களை அழைத்து ஒரு நாள் விருந்து வைத்தார்கள். அங்கேதான் அந்த வண்டியை முதன்முதலில் பார்த்தேன். அதற்குச் சக்கரமே இல்லை. முன்னால் சறுக்குவதற்கு இரண்டு கட்டைகள், அடியில் அகலமான ரப்பர் பட்டை. பெரிய குளவி ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதைப் போல அது சிமென்டுத் தரையில் இருந்தது. அத்தை குனிந்து ஒரு ரப்பர்க் கொக்கியை இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். ஒரு பக்கப் பலகை அப்படியே கழன்று அவர் கையோடு வந்தது. உள்ளே குழாய்களும் கம்பிகளுமாக எஞ்சின் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

"இந்தா, புடி" என்று பலகையை என்னிடம் நீட்டினார்.

என் உயரத்துக்கு இருந்த பொருள். கனமாக இருக்குமென்று காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கிய வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டேன். சோற்றுத் தட்டுகள் நாலைந்தைச் சேர்த்துத் தூக்கிய கனம்கூட இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் விலா எலும்புகள் மாதிரி வரிவரியாக இருந்தது.

"தகடு மெல்லிசுதான். இந்த வரிதான் அத வளையாம புடிச்சி வைக்குது" என்றார் அத்தை. "ஆழமான பனியில மாட்டிக்கிட்டா ஆளே வண்டியத் தூக்கி வெளிய இழுக்கணும். அதனால ஒவ்வொரு கிராமா குறைப்பாங்க. விரல் வெறச்சிப் போயிருக்கும், கையில தடியா உறை வேற. ஸ்க்ரூ கழட்டிட்டு இருக்க முடியாது. அதான் இந்தக் கொக்கி."

அப்பா அந்தப் பலகையை விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது துரு பிடிக்குமா?"

"பிளாஸ்டிக் எப்படிண்ணே துரு பிடிக்கும்?"

அப்பா பலகையை இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் கவலை எங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் ஐஸ் போடுகிறவர். விடிந்ததும் ஐஸ் ஆலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காப்பிக் கடைகளுக்கும், பாசார் என்கிற சந்தைக்கும் கொண்டுபோய்ப் போடுவார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஒரு சைட்கார் இருந்தது. இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த பெட்டி, ஒற்றைச் சக்கரம். ஐஸ் கரைந்த தண்ணீர் நாள் முழுக்க அதில் நிற்கும். பெயிண்ட் அடிப்பார், சில மாதத்தில் கொப்பளித்துக்கொண்டு கிளம்பும். ஓட்டை விழும், தகடு வைத்து ஒட்டுவார், பக்கத்திலேயே வேறு ஓட்டை விழும். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் கம்பி பிரஷ்ஷால் துரு சுரண்டுவது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள வேலை. என் எச்சில்கூட இரும்பாக ருசிக்கும்.

அத்தைதான் முதலில் பேச்சை எடுத்தார். வண்ணம் திட்டுத்திட்டாக வந்துவிட்ட பலகைகளை பேக்டரியில் அரைத்துவிடுவார்கள். மேனேஜரிடம் கேட்டதற்கு, சிலவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். "அண்ணே, ஒங்க சைட்காருக்கு நான் பாடி பண்ணித் தரேன்" என்றார்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது, பழைய இரும்புப் பெட்டி துண்டுதுண்டாகக் கால்வாய் ஓரம் கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த பொருள் அது. அம்மா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போர்ச்சில் உருவாகிக்கொண்டிருந்த நீல நிறப் பெட்டியைப் பார்த்தார்.

"பக்கெட்டு மாதிரி இருக்கு. இதுலயா என் புருஷன ரோட்டுக்கு அனுப்பப் போற?"

"அண்ணி, இதவிட பெரிய அடியெல்லாம் தாங்கும்."

"ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னால் அதற்கு நேர்மாறான அர்த்தம்.

ஆனாலும் பெட்டி அழகாகத்தான் வந்தது. முன்மூடியைக் கவிழ்த்து அடிப்பாகம் ஆக்கியிருந்தார். பக்கப் பலகைகளுக்கு அதே ரப்பர்க் கொக்கிகள். இழுத்தால் பக்கம் முழுதும் கழன்றுவிடும், ரப்பர்க் குழாயில் தண்ணீர் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் சுத்தம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. கனமான இரும்புச் சட்டத்தையும் எடுத்துவிட்டு அலுமினியக் குழாய் வைத்திருந்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, குனிந்து ஒரே கையால் சைட்காரைச் சக்கரத்தோடு தரையிலிருந்து தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான். அத்தை தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் முகம் காதுவரை சிவந்திருந்தது.

பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது, மேட்டில் திணறுவதில்லை என்று அப்பா போகிற இடமெல்லாம் சொன்னார். புது வண்டி என்பதால் சில வாரங்கள் பதமாக ஓட்டினார். பிறகு பழைய வேகம் வந்துவிட்டது.

அன்றைக்கு மதியம் ஐஸ் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, என்னைப் பள்ளியில் ஏற்றிக்கொண்டார். நான் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். சைட்கார் காலி. எங்கள் தாமான் குடியிருப்புக்குத் திரும்பும் இடது முக்கில் எப்போதும் போலத் திருப்பினார்.

என் பக்கத்தில் நீலப் பெட்டி மேலே எழும்பியது.

இன்றும் எனக்கு அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. சத்தமில்லை, குலுக்கலில்லை. அருகில் படுத்திருந்த ஒரு மிருகம் எழுந்து நிற்பதைப் போல அது என் தோள் உயரத்துக்கு வந்தது. அதன் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா ஏதோ சொன்னார். வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே சாலையைக் குறுக்காகக் கடந்தது. அடுத்து நான் லாலாங் புல்லில் கிடந்தேன். புத்தகப் பை இன்னும் முதுகிலேயே இருந்தது. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அப்பா மோட்டாருக்கு அடியில் கிடந்தார். அவருடைய வலது கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எதிரில் வந்த லோரியை நிறுத்திவிட்டு ஒரு மலாய்க்காரர் ஓடிவந்தார். "அலமாக்" என்று பதறியவர், "ஜங்கான் கேராக், பாங். ஜங்கான் கேராக்" என்று அப்பாவின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அசையாதே என்று சொல்கிறார் என்பது புரிந்தது. எனக்குச் சொன்னதாக நினைத்து நானும் அசையாமல் நின்றேன். அழுகைகூட வரவில்லை. கவிழ்ந்து கிடந்த நீலப் பெட்டியில் ஒரு கீறலும் இல்லை. ஏனோ அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் குளுவாங்கிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் கட்டிலருகில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அத்தையைக் கேட்டார்: "ஒனக்கு வெளாட வேற ஆளே கெடைக்கலயா? கூடப் பொறந்தவன் உசுருதான் கெடச்சுச்சா?"

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா, "நான்தான்ணே வேகமா வந்துட்டேன்" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அன்றைக்கே சொன்னேனே என்று அம்மா ஆரம்பிக்கப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அம்மா பிளாஸ்கைத் திறந்து அப்பாவுக்கு மைலோ ஊற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பாவின் கத்தலைவிட அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

அப்பா கால்கட்டோடு வீட்டுக்கு வந்தார். அத்தை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வந்தால் போர்ச்சில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பார். ஒரு சனிக்கிழமை பழைய இரும்புக் கடையிலிருந்து தகடுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அம்மா வெளியே வந்தார்.

"இது எதுக்கு?"

"பழையபடியே இரும்புல பண்ணிடுறேன் அண்ணி."

"தப்பு எங்கன்னு பாத்தியா?"

அத்தை கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். "பாரம் இல்ல அண்ணி. ஐஸ் இருக்கறப்ப ஒண்ணும் ஆகல. காலியா வர்றப்ப இந்தப் பக்கத்தத் தரையோட புடிச்சி வைக்க எதுவுமே இல்ல. பழைய இரும்புதான் இத்தன வருஷமா புடிச்சி வச்சிருக்கு. எங்க வேலையில கனத்தக் குறைக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் குறைச்சிக்கிட்டே போயிட்டேன்."

"அப்ப பாரம் வையி" என்றார் அம்மா. "பெட்டி இருக்கட்டும். அதுல ஓட்டை விழலயே."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அம்மா அதற்குள் உள்ளே போயிருந்தார்.

அலுமினியக் குழாய்களுக்கு அடியில், தரைக்கு நெருக்கமாக, கனத்த இரும்புத் தகடு ஒன்றை அத்தை போல்ட் போட்டு முடுக்கினார். சக்கரத்தையும் இன்னும் வெளியே தள்ளி வைத்தார். அப்பாவின் கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானது. பெரியப்பாவும் காரில் வந்திருந்தார். அப்பாவால் இன்னும் காலை அழுத்த முடியவில்லை. அத்தையே ஏறி, காலி வண்டியை இடது பக்கமாகத் திருப்பித் திருப்பி ஓட்டினார். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. சக்கரம் எழும்பவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை வண்டியை நிறுத்தி இறங்கினார். "வேணாம்ணே. வித்துடலாம்" என்றார். பெரியப்பா, "இதுல இனிமே யாரு ஏறுவா?" என்றார்.

அம்மா செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். திடலின் குறுக்கே நடந்துபோனார். சேலையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து, காலைத் தூக்கி நீலப் பெட்டிக்குள் வைத்து, உட்கார்ந்தார். இரும்புப் பெட்டி இருந்த காலத்திலும் அவர் ஒரு நாள்கூட அதில் ஏறியதில்லை. ஐஸ் மூட்டை மாதிரி போகமாட்டேன் என்பார்.

"ஓட்டு" என்றார் அத்தையைப் பார்த்து.

"அண்ணி, வேணாம்."

"சோறு ஆக்கணும். வீட்டுக்குப் போலாம், ஓட்டு."

வீட்டுக்குப் போவதென்றால் அந்த இடது முக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மோட்டார் கிளம்பியது. நாங்கள் பெரியப்பாவின் காரில் பின்னாலேயே போனோம். அப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, வலித்தது. முக்கு வந்தது. அம்மாவின் கொண்டை மட்டும் பெட்டிக்கு மேலே தெரிந்தது. இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தார். வண்டி திரும்பியது. நீலப் பெட்டி தரையோடு தரையாகத் திரும்பி, எங்கள் தெருவுக்குள் போனது. பெரியப்பா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

நாங்கள் போய் இறங்கும்போது அம்மா பெட்டியிலிருந்து வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அத்தை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் நின்றார்.

"இடுப்புகிட்ட அந்த வரி குத்துது" என்றார் அம்மா. "உள்ள ஏதாச்சும் மெத்துன்னு வச்சிக் குடு. நாளைக்கு நான் பாசாருக்குப் போவணும்."

அத்தை தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, அப்படியே போர்ச் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

எனக்கு அம்மாமேல் கோபமான கோபம். இவ்வளவு பட்ட பிறகும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், வந்து இறங்கியதும் குறைதான் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். அத்தைக்குப் பரிந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்து, "அம்மா சொல்றத வுடுங்க அத்தை, வண்டி நல்லாதான் இருக்கு" என்று சமாதானம் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் அத்தை அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையை விடாமல், "ஒங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றார். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.