மகசர் எழுதாத கையுறை

ஒரு வீட்டைச் சோதனை போடும்போது, அந்தப் பகுதியில் குடியிருக்கும் மதிப்புள்ள இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பொருளை அங்கேயே எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்கு மகசர் என்று பெயர். வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு இது தெரியும். தொலைக்காட்சியில் ஓடிய அந்தக் கறுப்பு வெள்ளை மர்மப் படத்தின் இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை.

மலை பங்களாவில் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் தனியாகப் போய் அலமாரியைத் திறந்து, ரத்தக் கறை படிந்த கையுறையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறார். இந்த வழக்கு கோர்ட்டில் நிற்காது என்று பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் விளக்கினேன். சாட்சிகள் எங்கே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டத்துக்கு நான் வந்தபோது இன்ஸ்பெக்டர் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டார். எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. ஜீப்பில் ஏறிய ஒரு முதுகைத்தான் பார்த்தோம். உடனே திரையில் வணக்கம் போட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள்.

"கொன்னது யாருங்க?" என்றாள்.

தெரியாது என்றேன். முதுகை வைத்து அடையாளம் சொல்வது செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"இனிமே உங்களோட ஒரு படமும் பார்க்கறதில்லீங்க."

மரியாதை குறையாமல் சொன்னதால் தண்டனை குறைந்துவிடவில்லை. ஓய்வுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்வது படம் பார்ப்பது ஒன்றுதான். நடைப்பயிற்சியில் அவள் வேகம் எனக்கு ஒத்துவராது. கோயிலில் என் வேகம் அவளுக்கு ஒத்துவராது. இதுவும் போனால் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போன்தான்.

புதிதாக வந்த சண்டைப் படத்துக்குத் தன் தங்கையோடு போவதாக அவள் டிக்கெட் எடுத்திருந்தாள். தங்கைக்கு அந்தியூரில் போயே ஆகவேண்டிய ஒரு கல்யாணம் வந்து சேர்ந்தது. "வாயத் தொறக்காம உக்கார்றதுன்னா வாங்க" என்ற நிபந்தனையோடு அந்த இருக்கை எனக்கு வந்தது.

நிபந்தனையை நான் மீறவில்லை. கதாநாயகன் பனைமரத்தளவு துப்பாக்கியைத் தூக்கினான். உரிமம் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு கலெக்டர் தாசில்தாரை போனிலேயே வேலையை விட்டு நீக்கினார். குற்றச்சாட்டு இல்லை, விளக்கம் கேட்கவில்லை. ஒரு கை பாப்கார்னை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன்.

கடைசிச் சண்டை ஒரு தென்னந்தோப்பில். வில்லனின் ஆட்கள் பத்துப் பதினைந்து வண்டிகளில் தோப்புக்குள் பாய்ந்தார்கள். மனைவி தொண்டாமுத்தூரில் தோப்புக்குள்ளேயே வளர்ந்தவள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டிரிப் பைப்பு மேலயே வண்டிய ஏத்தறானே. யானை வந்தாக்கூட இத்தன நாசம் பண்ணாதுங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்வரிசைக்காரர் திரும்பினார். வசவு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நானும் அதையத்தானுங்க பார்த்துட்டிருக்கறேன். எல்லாம் புதுப் பைப்பாட்டத் தெரியுதுங்க அக்கா."

அவருக்குப் பல்லடம் பக்கம் தோப்பாம். சொட்டுநீர்ப் பைப்பு எத்தனை வருடம் உழைக்கும், அணில் கடித்தால் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அரசு மானியத்துக்கு எங்கே மனுப் போடுவது என்பதில் இருவருமே தவறாகச் சொன்னார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் இதைவிடக் கடினமான காரியம் எதையும் செய்ததாக நினைவில்லை. இதற்கிடையில் வில்லன் செத்துப்போனான். எப்படி என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில், வில்லன் எப்படிச் செத்தான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த படத்துக்கும் வரலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் கார் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பதில் வராத மனு தள்ளுபடியானதாக ஆகாது. நிலுவையில் இருக்கிறது என்றே பொருள். நினைவூட்டுக் கடிதமும் அனுப்பவில்லை. அனுப்பினால் கோப்பு அடியில் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா?

பிறகொரு நாள் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து முன்கண்ணாடியில் பொட்டு வைத்தாள்.

"ஏனுங்க, தீபாவளிப் படத்துக்கு ரெண்டு டிக்கெட் போட்டுருங்க. பேசோணும்னா ரெண்டு பேரும் இடைவேளையில பேசிக்கலாம்."

பதில் வந்து சேர்ந்தது ஆயுத பூஜையன்று.