காயில் மேல் விழுந்த பழி

என் அத்தானுக்குக் குடும்பத்தில் 'சாது' என்று பெயர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று என் மாமியார்கூட அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். நானும் கொடுத்தவள்தான். இப்போது யாராவது அதை நீட்டினால் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவேன்.

நான் சொல்ல வந்தது அவரைக் கட்டிக்கொண்ட என் அக்காவைப் பற்றி. அவள் மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுபவள். எரிந்துபோன மோட்டார் வந்தால் கருகிய கம்பியை அறுத்தெடுப்பாள். புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, இடுக்குகளில் இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பாள். சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அதற்குள்தான் அவள் வாழ்க்கை போயிற்று. அழகைப் பற்றியோ சமையலைப் பற்றியோ பெருமை பேசி நான் கேட்டதில்லை. "நான் கட்டினா கட்டினதுதான், திரும்பி வராது" என்பாள். அந்த ஒரு கர்வம் மட்டும் உண்டு, அதுவும் நியாயமான கர்வம்.

கடையை விட்டதும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை வருடம் எதிர்ச் சுவரையே பார்த்தாயிற்று, இனி தினம் ஒரு ஊரைப் பார்க்க வேண்டும். பழைய கேரவன் ஒன்றை வாங்கினாள். உள்ளே கட்டில், மின்சார அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், பின்பக்கப் பெட்டியில் பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் காயில் கருகிக் கிடந்தது. அக்காவே புதிதாகக் கட்டினாள். அத்தான் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். "உன் சந்தோஷம்தாம்மா எனக்கும்" என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச நாளிலேயே தகராறு ஆரம்பித்தது. விளக்கும் விசிறியும் ஒழுங்காக ஓடும். அடுப்பைப் போட்டால் சில நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, எஞ்சின் மூச்சு வாங்கும், விளக்கு மங்கும், இருநூற்று முப்பது வோல்ட் காட்டிய மீட்டர் நூற்றெழுபதுக்கு இறங்கும். அடுப்பை அணைத்தால் நல்ல பிள்ளையாக ஏறிவிடும். பிரித்துப் பூட்டினால் ஓரிரு நாள் பிரச்சினையே இருக்காது, பிறகு பழைய கதை. எப்போதும் இருக்கிற கோளாறைப் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறு உயிரை வாங்கிவிடும்.

அக்கா எனக்குத் தினமும் போன் செய்து புலம்புவாள். இணைப்புகளை இறுக்கிப் பார்த்தாள், கார்பன் பிரஷ்ஷை மாற்றினாள், பெட்ரோல் வடிகட்டியைக் கழுவினாள், ஸ்பார்க் பிளக்கைச் சுரண்டினாள். அத்தான் பக்கத்திலேயே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், டார்ச் பிடிப்பார், நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுவார். அப்போதுதான் ஒருநாள் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "சூடேறினா உள்ளே ரெண்டு சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்னு நீயே சொல்லுவியேம்மா. அதா இருக்குமோ?"

அப்படி ஒட்டிக்கொண்டால் எஞ்சின் அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டும், வேகம் குறையும், வோல்டேஜ் விழும். எல்லாம் பொருந்தியது. அதாவது, பழி அக்கா கட்டிய காயில் மேல் விழுந்தது.

முன்பின் தெரியாத ஊரில், யாரோ ஒருவருடைய பட்டறை மூலையில் உட்கார்ந்து, தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே அறுத்தாள். அன்று போனில் அழுதாள். "எங்கே தப்பு விட்டேன்னு தெரியலைடீ. பாத்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள். திரும்பவும் கட்டினாள். ஓரிரு நாள் ஓடியது. மறுபடியும் விழுந்தது.

"விடும்மா, வயசாகுது. கை முன்ன மாதிரியா இருக்கும்?" என்று அத்தான் ஆறுதல் சொன்னாராம். இன்னும் ஒரே ஒரு முயற்சி, அதிலும் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு வீடு திரும்புவது என்று முடிவாயிற்று. நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆற்றோரம் வண்டிகள் நிற்கும் மைதானத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். அக்கா பாதியாகியிருந்தாள். அத்தான் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நீயாவது சொல்லு, இவ உடம்பைக் கெடுத்துக்கறா" என்றார். நானும் நம்பி, "அத்தான் சொல்றதைக் கேளேன்க்கா" என்றேன்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அக்கா என் பையைத் துழாவினாள். "நகப்பாலிஷ் வச்சிருக்கியா?"

"இந்த வயசுல உனக்கு என்ன அலங்காரம்?"

"ஜெனரேட்டருக்குடீ" என்றாள். ஓட்டத்தின் அதிர்வில் ஏதாவது தளர்கிறதா என்று பார்க்கக் கடையில் பெயிண்டால் கோடு போடுவார்களாம். நட்டு மேலும் அதை ஒட்டிய உடம்பு மேலும் சேர்த்து ஒரே கோடு. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். பெயிண்ட் இல்லாததால் என் ரோஜா நிறப் பாலிஷ். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு நட்டு மேலும், திருகு மேலும் கோடு இழுத்து மூடியைப் பூட்டினாள். அடுப்பு, விசிறி எல்லாம் போட்டுப் பார்த்தோம். அசையாமல் ஓடியது.

மறுநாள் காலை அத்தான் வழக்கம்போல் நடைக்குப் போய்வந்தார். தோசைக்கல்லை வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், விளக்கு மங்கியது. அக்கா மூடியைக் கழற்றினாள். நானும் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். மூடிக்குள் இருந்த ஒரு கோடு கூட உடையவில்லை. அக்கா மூடிக்கு வெளியே இருக்கும் டேங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். பெட்ரோலைத் திறந்து மூடும் குட்டித் திருகில் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. திருகு பாதி மூடியிருந்தது. அந்தப் பெட்ரோல் விளக்குக்கும் விசிறிக்கும் போதும், அடுப்பைப் போட்டால் போதாது. எஞ்சின் பட்டினியில் திணறியிருக்கிறது. பிரிக்கும்போது மூடுகிற அதை, பூட்டியதும் அக்கா முழுதாகத் திறப்பாள், அதனால்தான் ஓரிரு நாள் ஒழுங்காக ஓடியது. காயில் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். இறுக்கமான திருகு. அதிர்வுக்கெல்லாம் அசையாது.

"என்னங்க, இங்க வாங்க. பெட்ரோல் திருகைக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்றாள்.

அத்தான் வந்தார். குனியக்கூட இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை அடியில் விட்டார். கை நேராகப் போய்த் திருகைப் பிடித்துத் திருப்பியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது எங்க இருக்குன்னு நான் உங்களுக்குக் காட்டினதே இல்லையே" என்றாள் அக்கா.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. பிறகு உளறிக் கொட்டினார். நடைக்குப் போகிற சாக்கில் திருகைப் பாதி மூடி வைத்தது அவர்தானாம். முதல் நாளிலிருந்தே இந்த நாடோடிப் பிழைப்பு பிடிக்கவில்லையாம். சொன்னால் அவள் மனசு நோகுமாம்.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டியைத் திருப்பியிருப்பேனே. நான் காயிலை அறுக்கிறப்ப பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களேங்க. எப்படி மனசு வந்தது?"

"உன் கையால ஆகலைன்னு உனக்கே தெரிஞ்சா நீயா வீட்டுக்கு வந்துடுவேன்னு நெனச்சேம்மா."

பாவி மனுஷன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அக்கா மன்னித்திருப்பாள். கூடவே இருந்து குழி பறித்தது போதாதென்று, அவளிடம் இருந்த ஒரே கர்வத்தில் பார்த்துக் கை வைத்திருக்கிறார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா திட்டவில்லை. அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், மாத்திரைகளை எடுத்து மேலே வைத்தாள். பஸ் நிலைய வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"எப்பம்மா வருவே?" என்று கேட்டார்.

"சாவி பக்கத்து வீட்டுல இருக்கு" என்றாள்.

அப்புறம் நானும் அவளும் மட்டும் போனோம். மதியம் ஒரு மரத்தடியில் நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டாள். அடுப்பு, ஃபிரிட்ஜ், விசிறி, இருக்கிற எல்லாவற்றையும் போட்டாள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிறவரை ஓடவிட்டோம். விளக்கு ஒருமுறை கூடச் சிமிட்டவில்லை. அக்கா மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்து எழுந்து போய் மீட்டர் முன்னால் நின்றாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். ஸ்விட்சுக்கும் பிளக்குக்கும் வித்தியாசம் தெரியாத என்னை.

"நீ பாத்துச் சொல்லு, எவ்வளவு காட்டுது?"

"இருநூத்தி முப்பதுக்கா."

"சரியாப் பாத்தியா?" என்றாள்.