முப்பதாயிரத்து இருநூற்று நாற்பது பங்கு வயல்

மாவடிப்பள்ளியில் எங்களுக்கு ஒரு வயல் இருக்கிறது. சின்ன வயல்தான், ஆனால் அதற்கு முப்பதாயிரத்து இருநூற்று நாற்பது பங்கு. கேட்கிறவர்கள் நாங்கள் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற பெரிய போடியார் குடும்பம் என்று நினைப்பார்கள்.

வாப்பா மௌத்தானபோதே பிரித்திருந்தால் எழுபத்திரண்டோடு முடிந்திருக்கும். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. நாங்கள் மூன்று ஆண், மூன்று பெண். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த எனக்கு அது வெற்றிலை மடிக்கிற வேலை. ஆனால் உம்மா உயிரோடிருக்கையில் காணி பிரிக்கிற பேச்சை எங்கள் பக்கத்தில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால், உம்மா எப்போது போவார் என்று பார்த்திருக்கிறான் என்பார்கள். ஆகவே மரியாதையாகச் சும்மா இருந்தோம்.

அந்த மரியாதைக்குள் எங்கள் மூத்த அண்ணன், பெரிய காக்கா, மௌத்தானார். அவருடைய பங்கு உம்மாவுக்கும் மதினிக்கும் அவர்களின் மூன்று பிள்ளைகளுக்குமாக உடைந்ததில் எண் நாலாயிரத்து முந்நூற்று இருபது ஆனது. பிறகு உம்மாவும் போனார். அவருடைய பங்கை எஞ்சிய நாங்கள் ஐந்து பேரும் ஏழு கூறாக்க வேண்டும். ஏழால் பெருக்கினேன்.

வந்த எண்ணைப் பார்த்ததும் களைப்பே மறந்துவிட்டது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, இவற்றைப் பெருக்கினாலும் இதே எண்தான். ஒன்றிலிருந்து பத்துவரை எதனாலும் மிச்சமில்லாமல் பிரியும். அதைப் பிரிக்கிற எண்கள் எல்லாவற்றையும், அதையும் சேர்த்துக் கூட்டினால், சரியாக அதன் நான்கு மடங்கு வரும். அப்படி வருகிற எண்களில் இதுதான் ஆகச் சிறியது.

ஜும்ஆ முடிந்து கடைசித் தங்கச்சி வீட்டில் கூடியபோது இதையெல்லாம் விளக்கினேன். தம்பி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"சின்னக் காக்கா, பென்சனும் எடுத்திட்டீங்க. இன்னும் ஏன் எங்களப் போட்டு வதைக்கிறீங்க?" என்றாள் தங்கச்சி.

மதினிதான் பொறுமையாக என்னிடம் கேட்டார்.

"தம்பி, எனக்கும் புள்ளைகளுக்கும் எவ்வளவு?"

"நாலாயிரத்துத் தொளாயிரம் பங்கு மதினி. எழுவத எழுவதால பெருக்கினா வாற எண். அதுலயும் ஒரு விசேசம் இரிக்கி..."

"அது இரிக்கட்டும். எந்தப் பக்கத்தில?"

காக்கா போனதிலிருந்து ஒவ்வொரு போகமும் எங்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் வீட்டுக்கு நெல் போகிறது. தனித் துண்டு கிடைத்தால் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பாராமல் இருக்கலாம். ஆனால் கடைசித் துண்டுக்குத் தண்ணீர் ஒழுங்காக எட்டாது. அதை யாரும் குத்தகைக்கு எடுக்க மாட்டார்கள். வாய்க்கால் ஓரத்துத் துண்டைத்தான் எடுப்பார்கள். அதில் இத்தனை காலமும் வேளாண்மை செய்துவருவது நான்.

எண்ணைத் திரும்பப் பார்த்தேன். எல்லாவற்றாலும் பிரிகிற அந்த மகா எண்ணுக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"என்ன, வாத்தியாருக்கு இன்னும் பெருக்கி முடியல்லையா?" என்றாள் தங்கச்சி.

இன்னும் ஒருவர் மௌத்தானால் எண் எவ்வளவாகும் என்று மனதுக்குள் பெருக்கத் தொடங்கினேன். வயதுப்படி அந்த ஒருவர் நான்தான் என்று பட்டதும் நிறுத்திவிட்டேன்.

"வாய்க்கால் ஓரத்த எடுங்க மதினி" என்றேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், களைத்திருந்தேன்.

அன்றைக்கே போய் எல்லைக்கு முளை அடித்துக் கயிறு பிடித்தோம். ஒரு முனையில் மதினி, மறுமுனையில் நான்.

"தம்பி, கயிறு வாய்க்கால் பக்கமா சாயுது. நேராப் புடிங்க."

நேராகப் பிடித்தேன்.