நான்கு தலைகளுக்கும் குங்குமம்

அப்பா வேலை பார்த்த புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்சாலையில் மேலாளர் ஒரு கொரியாக்காரர். விடுமுறையில் அவர் ஊருக்குக் கிளம்பியபோது, தன் வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றி அப்பாவிடம் பத்திரப்படுத்தக் கொடுத்தார். அப்பா பல வருடங்களாக ஒப்பந்தத் தொழிலாளி. திரும்பி வந்ததும் பர்மனென்டுக்கு எழுதித் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். படத்துக்கு ஒன்று ஆனால் வேலைக்கும் ஒன்று ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தரையில் வைத்தால் கரையான் என்று அப்பா அதை டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கண்ணாடி கிடையாது, மெல்லிய மரச்சட்டம் மட்டும். அகலம் ஒரு பள்ளி நோட்டு அளவுதான். அதற்குள் ஒரு குட்டி வீடு. வாசலை அடைத்துக்கொண்டு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கூரைக்கு மேல் பந்து போல ஒரு மரம், அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. வானத்தில் சூரியனும் நிலாவும் பக்கத்தில் பக்கத்தில். தரைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது.

"இத நானே வரைவேன்" என்றேன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

"வரைவ. உன் நாய்க்கு அஞ்சு காலு இருக்கும்" என்றாள் அக்கா.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு, "பாரீசுல இந்த மாதிரி ஒண்ண வித்து ஒருத்தன் வூடே வாங்கினான்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். அன்று முதல் அந்த அறையில் ஃபேனை வேகமாக வைக்க அப்பா விடவில்லை.

அந்தப் படத்தை வரைந்த கொரிய ஓவியரைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன். போரை நேரில் பார்த்த மனிதர். வீடு, குடும்பம், மரம், பறவை என்று வாழ்நாள் முழுக்க அதையே கையகலத்தில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். எங்கள் சுவரில் தொங்கியது அதன் அச்சுப் பிரதி, அருங்காட்சியகக் கடைகளில் கிடைப்பது. இது தெரிந்திருந்தால் ஆயுத பூஜையன்று அப்பாவுக்கு அப்படி வியர்த்திருக்காது.

எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தை, அன்று காலை கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வந்தாள். தையல் மெஷின், மிக்ஸி, கேஸ் சிலிண்டர், அப்பாவின் ஸ்கூட்டர், ஸ்பேனர் பெட்டி, என் ஜாமென்ட்ரி பாக்ஸ் என எதையும் விடவில்லை. கடைசியில் டிவிக்கு வந்தாள். அதற்கு மேலே சட்டம் போட்டு, நான்கு பேர், விறைப்பாக, நேராகப் பார்த்துக்கொண்டு. படத்திலிருந்த தலைகள் புளியங்கொட்டை அளவு. அத்தையின் மோதிர விரல் அதைவிடப் பெரிது. நான்கு முகங்களும் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில் போயின.

அம்மா பார்த்துப் பதறி ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்பு கொஞ்சம் இளகி, கூரை வரை ஏறியது.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று அப்பா கத்தினார்.

"செத்துப்போன அவுரு அப்பா அம்மான்னு நெனச்சேண்ணா" என்றாள் அத்தை. "நின்ன நிலைய பாரு. செத்தவங்கதான் போட்டோல அப்டி நிப்பாங்க."

"அறிவு இருக்கா உனக்கு?"

"இருந்துச்சு. உன்கூட பொறந்ததுல பாதி போய்டுச்சு."

மேலாளர் ஊரிலிருந்து போன் செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் மகளோடும் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அம்மா சாப்பாட்டுக்கு அழைக்கச் சொன்னாள். சாப்பிட்ட பிறகு காட்டினால் கோபம் குறைவாக வரும் என்பது அவள் கணிப்பு. மூன்று இலை போட்டாள். கடையில் மூன்று கப் ஐஸ்கிரீம் வாங்கி, மாடியில் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுத்தாள்.

மேலாளர் தனியாக வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். அம்மாவின் திட்டம் அங்கேயே முடிந்தது.

அப்பா இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு முதல் வார்த்தையோடு நின்றுவிட்டது. அத்தைதான் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க வச்சேன். செத்துப்போன உங்க அப்பா அம்மான்னு நெனச்சுட்டேன். வூட்ல இருக்கறவங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான் வைக்கறது" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். "சொல்லுடி."

ஒன்பதாம் வகுப்பு அக்கா செத்துப்போனதை மட்டும் விட்டுவிட்டு மொழிபெயர்த்தாள். உங்கள் குடும்பம் என்று நினைத்து வைத்தார்கள், அவர்களுக்குக் குறை வரக்கூடாது என்று வைத்தார்கள்.

அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் அத்தையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். அத்தை பயந்து ஓரடி பின்னால் போனாள். "குட். வெரி குட்" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது படத்தை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கறையைத் துடைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னாராம்.

அந்த மாதமே அப்பா பர்மனென்ட் ஆனார்.

அன்று அவர் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கும்புடு போட்டாரு பாத்தியாண்ணா எனக்கு!" என்று அத்தை அதை நடித்துக் காட்டினாள். அம்மா மட்டும் சிரிக்காமல், யாரும் உட்காராத இரண்டு இலைகளின் முன்னால் கரண்டியோடு நின்றாள். "ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள், யாரிடமும் என்றில்லாமல். அம்மா எதற்கு அதைப் பெரிதாக்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மீந்த ஐஸ்கிரீம் இரண்டு கப். நானும் அக்காவும் இரண்டு பேர். அதைவிடச் சரியாக ஒரு நாள் அமையும் என்று எனக்குத் தோன்றவில்லை.